'வெரைட்டி' என்னும் சொல்லும் அதன் பொருளும்

(கழகத்தின் வெள்ளிவிழா நாளில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரே ஒரு குழல்விளக்கின் கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்து மாலைநேர வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம், இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காண்கிறது. இவ்விழாவில் பேச வேண்டும் என்று கழகச் செயலாளர் என்னை அழைத்தபோது, "என்ன தலைப்பில் பேசட்டும்?" என்று கேட்டேன். "நம் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் தேறிவிடுகிறார்கள். ஆங்கிலம் என்றால்தான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் சற்றுக் குறையும்படி ஏதேனும் பேசுங்கள் சார்" என்றார். ஆங்கிலம் முழுவதையும் அரைமணி நேரத்தில் கற்பிக்க எவராலும் இயலாது. ஆனால் ஒரே ஒரு சொல்லைச் செம்மையாகக் கற்பிக்க இயலும். ஆகவே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது நீங்கள் அனைவரும் அறிந்த சொல். நாள்தோறும் உங்கள் வாயில் வழங்கும் சொல். 'வெரைட்டி' என்பதே அச்சொல்.

இத்துணை பெரிய விழாவில், பேச வேண்டிய செய்திகள் எத்தனையோ இருக்க, ஒரு சொல்லைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். சொல்லின் வலிமையை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள் வேறு எவரும் இருக்க முடியாது. ஆங்கில அகராதியைத் திறந்தால் 'பறையா' என்று ஒரு சொல் இருக்கும். எல்லாராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று அதற்குப் பொருள் எழுதியிருப்பார்கள். அச்சொல் நம் தமிழிலிருந்து கடல் கடந்து சென்ற சொல். ஓர் இசைக்கருவியின் பெயரோடு பிணைந்த நம் மக்களின் பெயரை உலகமெங்கும் இழிசொல்லாக வழங்கினார்கள். அதைக் கண்டு நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ஆம் ஆண்டில் அதே சொல்லையே தலை நிமிர்ந்து தம் பத்திரிகைக்குப் பெயராகச் சூட்டினார். ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்ட மன்றத்தில் போராடியதன் பயனாக, 1922-ஆம் ஆண்டில் 'பஞ்சமர்' முதலிய பெயர்கள் அரசாங்கப் பதிவேடுகளினின்று நீக்கப்பட்டு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் இடம்பெற்றது. ஒருவர் பழித்த சொல்லைக் கொடியாக உயர்த்தினார்; மற்றவர் பழித்த சொல்லைப் பதிவேட்டிலிருந்தே அகற்றினார். வழிகள் வேறாயினும், சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது என்பதில் இருவரும் ஒன்றே. ஆகவே சொல்லாராய்ச்சி என்பது நமக்குப் பொழுதுபோக்கு அன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'வெரைட்டி' என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இலத்தீனில் 'வாரியஸ்' என்றால் பல நிறம் கலந்தது, மாறி மாறித் தோன்றுவது என்று பொருள். நம் ஊர் மாட்டுத் தொழுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மயிலை ஒன்று, செவலை ஒன்று, காரி ஒன்று, புள்ளி ஒன்று என்று நிற்குமல்லவா? அந்தத் தோற்றம்தான் இச்சொல்லின் வேர்.

இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்கள் தலையானவை. ஒன்று, பலவகையாக இருக்கும் தன்மை. இதனைத் தமிழில் பல்வகைமை எனலாம், பன்மை எனலாம். மற்றொன்று, அப்பலவற்றுள் ஏதேனும் ஒரு வகை. இதனை நம் உழவர்கள் 'ரகம்' என்பார்கள். நம் மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவாக்கப்படும் உளுந்துக்கு வம்பன் என்று பெயரிட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணையும் சேர்த்து வெளியிடுகிறார்கள். அந்த ஒவ்வொன்றும் ஒரு 'வெரைட்டி'.

இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையே நான் ஒருமுறை சிக்கிக்கொண்டேன். அப்போது நான் விடுதியில் தங்கிப் படித்துவந்த மாணவன். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தருகே ஓர் உணவுக் கடையில் 'வெரைட்டி ரைஸ் கிடைக்கும்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். வயற்காட்டிலே வளர்ந்த எனக்கு 'வெரைட்டி' என்றால் ரகம் என்று மட்டுமே தெரியும். கல்லாவில் இருந்தவரிடம் சென்று, "அண்ணே, இது என்ன ரக அரிசி? ஐ.ஆர். இருபதா, பொன்னியா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தக்காளிச்சோறு, அவ்வளவுதான்" என்றார். நான்கு பாத்திரங்களிலும் இருந்தது ஒரே அரிசிதான்! ஆங்கில நாட்டார் இச்சொல்லை இப்படி வழங்குவதில்லை. இது நம் நாட்டு வழக்கு. ஆயினும் குற்றமில்லை. சொல் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர்ச் சோற்றை உண்டுதான் வளரும்.

மாணவர்கள் இப்போது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஒலிப்பு. நாம் 'வெரைட்டி' என்று மூன்று அசையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது நான்கு அசை: வ-ரை-அ-டி. இரண்டாம் அசையாகிய 'ரை'யை அழுத்திச் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் பத்துமுறை சொல்லிப் பழகுங்கள். தவறாக ஒலித்துவிட்டாலும் நாணமடைய வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களை ஒலிக்கத் தெரியாத ஆங்கிலேயர் எவரும் அதற்காக நாணமடைந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து இலக்கணம். 'எ வெரைட்டி ஆஃப்' என்று எழுதினால், பலவகைப்பட்ட என்னும் பொருளில், பின்னே வரும் பெயரைப் பன்மையில் எழுதுங்கள். 'எ வெரைட்டி ஆஃப் புக்ஸ்' என்றால் பலவகை நூல்கள். அதற்கு வரும் வினையும் பெரும்பாலும் பன்மையில் அமையும். ஆனால் 'தி வெரைட்டி ஆஃப் புக்ஸ்' என்று தொடங்கினால் நூல்களின் பல்வகைமை என்னும் ஒரே தன்மையைச் சொல்வதாகிவிடும்; ஆகவே வினை ஒருமையில் வர வேண்டும். ஒரே ஓர் எழுத்து இடத்தில் ஒரு சிறு சொல் மாறியதால் வினைமுற்றே மாறிவிடுகிறது பாருங்கள்! போட்டித் தேர்வுகளில் கேட்கத் தகுந்த இடம் இது.

இச்சொல்லுக்கு ஒரு குடும்பமும் உண்டு. 'வேரி' என்றால் மாறுபடு என்னும் வினை. 'வேரியஸ்' என்றால் பல்வேறு. 'வேரீட்' என்றால் பலவகை கலந்த. 'வேரியபிள்' என்றால் மாறக்கூடியது. கணக்குப் பாடத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதுகிறீர்களே, அந்த 'மாறி' இதுதான். ஒரு சொல்லைப் பிடித்தால் ஐந்து சொற்கள் உடன் வரும். ஆங்கிலத்திற்கு அஞ்சுவோர்க்கு நான் சொல்லும் வழி இதுவே. சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாதீர்கள், குடும்பத்தோடு அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

இதற்கு ஓர் அண்டை வீட்டுச் சொல்லும் உண்டு. அது 'டைவர்சிட்டி'. இலத்தீனில் வெவ்வேறு பக்கம் திரும்பியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. கடையில் பலவகைத் துணி இருந்தால் 'வெரைட்டி' என்பார்கள். ஒரு நாட்டில், ஒரு கல்லூரியில், ஓர் அலுவலகத்தில் பல மொழியினரும் பல சமயத்தாரும் சேர்ந்திருந்தால் 'டைவர்சிட்டி' என்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பம் செய்யும் நம் பிள்ளைகள் இச்சொல்லை இன்று அடிக்கடி காண்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது பள்ளிக்கூடப் பாடம். இனிச் சொல்லப்போவது வாழ்க்கைப் பாடம்.

வெரைட்டி என்னும் பொருளில் தமிழில் முன்பு என்ன சொல் வழங்கியது தெரியுமா? 'சாதி' என்னும் சொல்லும் அவற்றுள் ஒன்று. வியப்பாக இருக்கிறதா? தொல்காப்பியத்து மரபியலில் இச்சொல் நீரில் வாழும் உயிர்வகையைக் குறிக்க வருகிறது. இன்றும் ஒருவகை மல்லிகையைச் சாதிமல்லி என்கிறோம். ஆங்கிலத்தில் சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' என்னும் சொல்லும் போர்த்துக்கீசியரின் 'காஸ்டா' என்னும் சொல்லிலிருந்து வந்ததே. அதற்கும் இனம், வழி, வகை என்பதே பொருள். ஆக, பூவுக்கும் மீனுக்கும் உயிர்வகைக்கும் வழங்கிய எளிய சொற்கள், மனிதர்மேல் ஏறியபின் கொடிய சொற்களாயின. 'வகை' என்பது 'தரம்' என்று ஆயிற்று. கிடையாக இருந்ததை எவரோ செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். நம் துன்பத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இதனை நான் இன்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய ஒரு நாளில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். அதையும் உங்கள்முன் ஒப்புக்கொள்வது என் கடமை. சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவிற்குச் செல்வாக்குள்ள பெரியவர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். கற்றவர், இனிமையாகப் பேசுபவர். "தோட்டமென்றால் பலவகைப் பூக்கள் இருக்கத்தான் செய்யும். ஊரென்றால் பல சாதிகள் இருக்கத்தான் செய்யும். இந்த வெரைட்டிதான் நம் நாட்டின் அழகு. இதை ஏன் ஒழிக்க வேண்டும் என்கிறார்கள்?" என்று பேசினார். கைதட்டல் எழுந்தது. நான் மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தேன். ஏதோ தவறு என்று உள்ளம் உணர்ந்தது. ஆனால் நாவு எழவில்லை. நன்றியுரையில் அவருடைய பேச்சைப் பாராட்டியும் இரண்டு சொற்கள் சொல்லிவிட்டேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னருகே வந்தாள். நம் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வருபவள். "சார், தோட்டத்துல எல்லாப் பூவுக்கும் ஒரே கிணத்துத் தண்ணிதானே சார் பாயுது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் மறுமொழிக்குக் காத்திராமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற நான் மேடையில் சொல்லத் தவறியதை அப்பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அம்மாணவியின் கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இரண்டு உரைகற்களாக உங்களிடம் தருகிறேன். எவரேனும் ஏதேனும் ஒன்றை 'வெரைட்டி' என்று சொன்னால், இவ்விரண்டிலும் உரைத்துப் பாருங்கள்.

முதலாவது, தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறதா? கடையில் பத்துவகைத் துணி இருந்தால், விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த வீட்டைப் பார்த்து, 'உனக்கு இதுதான்' என்று எவரும் திணிப்பதில்லை. இரண்டாவது, வகைகளுக்குள்ளே மதிப்பு ஒத்திருக்கிறதா? கீரமங்கலம் பூச்சந்தையில் மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் குவிந்து கிடக்கின்றன. விலை நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். ஆனால் கனகாம்பரம் பட்டுவிட்டது, மல்லிகை தீட்டாகிவிட்டது என்று எந்தப் பூவும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாரில் தொடுத்தால்தான் அது கதம்பம். ஒரு பூவை மாலைக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டுக் கதம்பம் என்று பெயரிட முடியாது.

இந்த உரைகல்லில் நம் ஊர் வழக்கங்களை உரைத்துப் பார்ப்போம். என் சிறுவயதில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளைகள் பலகைமேல் அடுக்கியிருக்கும். எங்களுக்கென்று ஓர் அலுமினியக் குவளை கூரையில் செருகியிருக்கும். நாங்களே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் செருக வேண்டும். வெளிநாட்டார் ஒருவர் வந்து பார்த்திருந்தால், 'இக்கடையில் பலவகைக் குவளைகள் இருக்கின்றன' என்று குறிப்பெழுதியிருப்பார். 'எ வெரைட்டி ஆஃப் டம்ளர்ஸ்'! இலக்கணம் சரிதான், உண்மைதான் பொய்யாகிவிட்டது. எந்தக் குவளையையும் எவரும் எடுக்கலாம் என்றால் அது பல்வகைமை. இந்தக் குவளை இன்னாருக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் தீண்டாமை.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இனத்து மக்களுக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. நாடே அதனை அறியும். அவ்வழக்கின் போக்கைப் பற்றிப் பேச நான் இங்கு வரவில்லை. ஆனால் விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் துறைக் கண்காணிப்பாளரும் அப்பகுதியில் மேலும் இரண்டு செய்திகளை அறிந்தார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தது. அய்யனார் கோயிலுக்குள் நம் மக்கள் செல்லத் தடை இருந்தது. ஆட்சியர் அம்மக்களைத் தாமே அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றார், வழக்குகளும் பதியப்பட்டன. அம்மாணவி தோட்டத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டது எவ்வளவு பொருள் பொதிந்த கேள்வி என்பதை அன்று செய்தித்தாளைப் படித்தபோது மீண்டும் உணர்ந்தேன்.

'சாதி என்பது பலவகைத் தொழில்களின் ஏற்பாடு. இதிலே என்ன தவறு?' என்று வாதிடுவோர் உண்டு. இதற்கு அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1936-ஆம் ஆண்டிலேயே விடை தந்துவிட்டார். லாகூர் மாநாட்டிற்கென எழுதி, மாநாடு கைவிடப்பட்டதால் நூலாக வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் உரையில், சாதி தொழிலைப் பிரிப்பதன்று, தொழிலாளரைப் பிரிப்பது என்றும், பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைப்பது என்றும் விளக்கினார். அடுக்கிவைத்தது எதுவும் 'வெரைட்டி' ஆகாது, அது படிக்கட்டு.

அவர் தலைமையில் வரைவு பெற்ற அரசியலமைப்புச் சட்டத்தையும் ஒரு சொல்லாசிரியன் கண்கொண்டு பாருங்கள். 1976-ஆம் ஆண்டில் 42-ஆம் திருத்தத்தின் மூலம் 51-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைக் கூறும் அப்பிரிவில் 'டைவர்சிட்டி' என்னும் சொல் பன்மையில் வருகிறது. சமயம், மொழி, வட்டாரம், மக்கட்பிரிவு ஆகிய வேற்றுமைகளைக் கடந்து உடன்பிறப்புணர்வை வளர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வரிசையில் சாதி என்னும் சொல் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அப்படியானால் அச்சொல் எங்கே வருகிறது? பாகுபாடு காட்டக்கூடாது என்று ஆணையிடும் 15-ஆம் பிரிவிலும் 16-ஆம் பிரிவிலும் வருகிறது. அடுத்த 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது. போற்றத்தக்க வேற்றுமை எது, துடைக்கத்தக்க வேற்றுமை எது என்பதை நாட்டின் தலையாய சட்டநூல் இப்படி வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறது. தோட்டத்துப் பூக்கதை சொல்வோரிடம், மரியாதையாக, இந்தப் பிரிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

உலக வரலாற்றிலும் இச்சொல் இதே ஆபத்தைச் சந்தித்திருக்கிறது. ஜெர்மனியில் புளுமென்பாக் என்னும் அறிஞர் 1775-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் இயற்கை வகைகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஓர் ஆய்வு எழுதினார். அதன் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. மனிதர் அனைவரும் ஓரினமே, வகைகள் ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன, இடையே கோடு கிழிக்க இயலாது என்றே அவர் சொன்னார். ஆனால் பின்வந்தோர் பலர் அவருடைய வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உயர்வு தாழ்வு கற்பித்தார்கள். இலத்தீனானாலும் தமிழானாலும், வகை என்னும் சொல்லைத் தரம் ஆக்குவோர் எங்கும் இருக்கிறார்கள். ஆகவேதான் யுனெஸ்கோ நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் பண்பாட்டுப் பன்மையைப் பற்றி வெளியிட்ட உலகப் பிரகடனத்தின் நான்காம் பிரிவில், பண்பாட்டுப் பன்மையைக் காரணம் காட்டி எவரும் மனித உரிமையைக் குறைக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். 'இது எங்கள் ஊர் வழக்கம்' என்று சொல்லி நம்மை வெளியே நிறுத்துவோர்க்கு அதுவே விடை.

'டைவர்சிட்டி' பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இழைத்த அநீதிக்கு ஈடாக ஒரு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினர்க்கு ஒதுக்கியது. 1978-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாக்கி வழக்கில், அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. ஆனால் மாணவரிடையே பல்வகைமை இருப்பது நல்லது, அதன்பொருட்டு இனத்தையும் ஓர் அம்சமாகக் கருதலாம் என்றது. நீதி என்னும் சொல் இருந்த இடத்தில் பன்மை என்னும் சொல் வந்து அமர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அச்சொல்லை நம்பியிருந்தார்கள். 2023-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் அதே நீதிமன்றம், இனத்தைக் கருதிச் சேர்க்கும் அந்த முறையையும் செல்லாது என்று தீர்த்துவிட்டது. நமக்குரிய இடஒதுக்கீடோ கடையை அழகுபடுத்த வைத்த பலவகைப் பொருள் போன்றதன்று. போதிய இடம் பெறாத மக்களுக்கு உரிய இடம் என்னும் அடிப்படையில் 16-ஆம் பிரிவில் வேரூன்றியது. ஆகவே ஒரு நிறுவனத்தார் உங்களை 'டைவர்சிட்டி'க்காகச் சேர்த்துக்கொள்கிறோம் என்றால் நன்றி சொல்லிச் சேருங்கள். தகுதியோடு பணி செய்யுங்கள். ஆனால் உரிமை என்னும் சொல்லை அச்சொல்லுக்கு மாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறரை இவ்வளவு உரைத்துப் பார்த்தோம். உரைகல்லை நம் பக்கம் திருப்பாவிட்டால் நாம் நேர்மையுடையவர்கள் ஆகமாட்டோம். பட்டியல் இனத்தவர் என்னும் ஒரு பெயரின் கீழே நாமும் பல பிரிவினராக இருக்கிறோம். நமக்குள்ளே ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைக்கிறோமா? பெண் கொடுத்து, பெண் எடுக்கிறோமா? நமக்கும் கீழே ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடம் இல்லையா? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டில், நமக்குரிய 18 விழுக்காட்டிலிருந்து அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரப்பட்டது. அதுபோன்ற உட்பிரிவு செல்லும் என்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இதனைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி வரிசையில் நிற்பவரைப் பார்த்து, 'நீ ஏன் முன்னே வருகிறாய்?' என்று நாமே கேட்கத் தொடங்கினால், கூரையில் செருகிய அந்தக் குவளை நம் வீட்டிலும் இருக்கிறது என்றுதான் பொருள்.

உண்மையான பல்வகைமையை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் இளம் தொண்டன். எங்கள் தெருவில் இரவு வகுப்பு. களையெடுக்கும் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், பறையடிக்கும் தாத்தா, பேரன் கையைப் பிடித்து எழுதிப் பழகிய பாட்டி எல்லாரும் ஒரே பாயில் ஒரே விளக்கின் கீழே அமர்ந்தார்கள். பகலில் அப்பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினார்கள். மிதிவண்டியின் பின்னே ஓடி ஓடி என் முழங்கால் தேய்ந்தது! தொழில் வேறு, வயது வேறு. பலகையில் எழுதிய 'அ' மட்டும் எல்லாருக்கும் ஒரே 'அ'. அதுதான் 'வெரைட்டி'.

அந்தப் பல்வகைமை நம் பிள்ளைகளின் கல்வியிலும் வர வேண்டும் என்பதே என் இறுதி வேண்டுகோள். அயர்லாந்து நாட்டில் ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பிப் பயிரிட்டார்கள். 1845-ஆம் ஆண்டில் அப்பயிரில் நோய் விழுந்தது. ஒரே ரகம் ஆகையால் நாடெங்கும் அழுகிப்போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். ஒரே விதையை நம்புவது அத்துணை ஆபத்து. நம் வீடுகளிலோ, பையன் என்றால் காவலர் தேர்வு, பெண் என்றால் ஆசிரியப் பயிற்சி அல்லது செவிலியர் படிப்பு என்று ஒரே தடத்தில் நடக்கிறோம். அத்தொழில்கள் உயர்ந்தவையே, நானும் அத்தடத்தில் வந்தவன்தான். ஆனால் அந்த ஒரு கதவு சாத்தப்பட்டால் ஊரே வாசலில் நிற்க நேரும். சட்டம் படிப்பவர் வேண்டும். கணக்குத் தணிக்கை கற்பவர் வேண்டும். வம்பன் ஆராய்ச்சி மையத்தில் புதிய ரகம் உண்டாக்கும் விஞ்ஞானி நம் தெருவிலிருந்து வர வேண்டும். கடை வைப்பவர், நூல் எழுதுபவர், மொழி ஆராய்பவர் எல்லாரும் வர வேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளை நீங்கள் கேள்விப்படாத ஒரு படிப்பின் பெயரைச் சொன்னால் உடனே மறுத்துவிடாதீர்கள். கழகத்திற்கு அழைத்து வாருங்கள், விசாரித்துச் சொல்கிறோம்.

இளைஞர்களே! ஒரே ஒரு சொல்லைக் கற்றுச் செல்கிறீர்கள். ஒலிப்பை மறந்தாலும் குற்றமில்லை, அகராதி சொல்லிக்கொடுக்கும். ஒருமை பன்மையை மறந்தாலும் குற்றமில்லை, ஆசிரியர் திருத்திக்கொடுப்பார். ஆனால் எவரேனும் மேடையேறி, சமமின்மைக்கு இந்த அழகிய சொல்லைப் போர்த்திக் காட்டினால், அன்று நான் இருந்ததைப் போல நீங்கள் வாயடைத்து இருந்துவிடாதீர்கள். எழுந்து நின்று, பணிவாக, அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கேள்வியைக் கேளுங்கள்.

அப்பெண் இன்று ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். அவளிடம் அன்று சொல்லாத விடையை இன்று இம்மேடையில் சொல்லிவிட்டேன்.  கழகம் பொன்விழாக் காண வாழ்த்துகிறேன்.